தீனியை நிறுத்த முடியாத தொழில்

நாமக்கல் மாவட்டம் சேந்தமங்கலம் வட்டாரத்துச் சிறு கோழிப்பண்ணையாளர்களுக்கு 2006-ஐயும் 2020-ஐயும் மறக்க முடியாது. முதலில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல். அடுத்தது, கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்ற வதந்தி. இரண்டு முறையும் நாமக்கல் முட்டை விலை சரிந்தது. விற்பனை இல்லாவிட்டால் தறியை நிறுத்தி வைக்கலாம். கோழியை நிறுத்த முடியுமா? முட்டை விற்றாலும் விற்காவிட்டாலும் ஒரு கோழிக்கு நாளுக்குச் சுமார் 110 கிராம் தீனி போட்டாக வேண்டும். மக்காச்சோளத்துக்கும் சோயாப் புண்ணாக்குக்கும் கடன்பட்டும் தொழிலை விடாமல் நின்றவர்கள் இவர்கள். சத்துணவுத் தட்டில் குழந்தைக்கு முட்டை கிடைப்பதில் இந்தப் பிடிவாதத்துக்கும் பங்குண்டு, மனமாரப் பாராட்டுகிறோம். இத்தகைய விலைச் சரிவைப் பெரிய பண்ணைகள் தாக்குப்பிடித்துவிடும். 5,000 கோழி வைத்திருப்பவருக்கோ, விலை சரிந்த அதே வாரத்தில் கூட்டுறவு வங்கியில் தீனிக்கடன் கிடைக்க வேண்டும், ஆறு மாதம் கழித்து அல்ல.