ஒரு கோலுக்கு மூன்று பெயர்



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. விளையாட்டுச் செய்தி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள். பிள்ளை வளர்ப்பவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

மகள் குடும்பம் கனடாவில், வான்கூவரில் இருக்கிறது. அங்கே போய்த் தங்கிய நாட்களில் பேரனோடு உட்கார்ந்து ஐஸ் ஹாக்கி பார்க்கப் பழகினேன். நம் ஊர் ஹாக்கி போல் இதில் பந்து கிடையாது. 'பக்' என்ற தட்டையான ரப்பர் வில்லையைப் பனித்தளத்தில் மட்டையால் தள்ளுவார்கள். கோல்கீப்பரோடு சேர்த்து ஒரு அணிக்கு ஆறு பேர். முன்னால் நின்று தாக்குபவர்கள் மூன்று பேர்: நடுவில் சென்டர், இரு பக்கமும் விங்கர்கள். இந்த மூவருக்குப் பெயர் 'லைன்'. பெரும்பாலும் ஒன்றாகவே இறங்குவார்கள், ஒரு நிமிடத்துக்குள் ஒன்றாகவே வெளியேறுவார்கள், அடுத்த மூவர் வருவார்கள்.

எனக்குப் பிடித்துப்போனது அவர்கள் கணக்கு எழுதும் முறை. கோல் விழுந்தால் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அவருக்குப் பக்கைக் கொடுத்தவருக்கும், அதற்கு முன் கொடுத்தவருக்கும் 'அசிஸ்ட்' என்று ஆளுக்கொரு புள்ளி. அடித்ததற்கும் கொடுத்ததற்கும் ஒரே மதிப்பு! அதிகப் புள்ளி எடுத்தவர் யார் என்று பார்க்கும்போது இரண்டையும் கூட்டித்தான் பார்க்கிறார்கள்.

வான்கூவர் கனக்ஸ் அணியில் 2000 முதல் 2018 வரை ஆடிய ஸ்வீடன் நாட்டு இரட்டையர் ஹென்ரிக் செடின், டேனியல் செடின். முகம் ஒன்றுபோல இருக்கும். ஆட்டக் கணக்கைப் பாருங்கள். ஹென்ரிக் 240 கோல், 830 அசிஸ்ட். டேனியல் 393 கோல், 648 அசிஸ்ட். ஒருவர் கொடுப்பவர், இன்னொருவர் அடிப்பவர். மொத்தம் 1070, 1041. லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தவருக்கான கோப்பையை 2010-இல் ஹென்ரிக் வாங்கினார், 2011-இல் டேனியல் வாங்கினார்.

அவர்களோடு மூன்றாவதாகச் சேர்ந்தவர் அலெக்ஸ் பரோஸ். இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காத ஆள். சிறிய லீக்குகளில் ஆடி மேலே வந்தவர். இரட்டையரின் நளினம் அவரிடம் இல்லை. ஆனால் கோல் வாசலில் போய் நிற்பார், இடி வாங்குவார், திரும்பி வரும் பக்கைத் தட்டி உள்ளே விடுவார். 2009-10 பருவத்தில் 35 கோல் அடித்தார். மூன்று பேருக்கும் மூன்று வேலை. மூன்றும் சேர்ந்தால்தான் கோல்.

"அடிப்பதுதானே கஷ்டம், கொடுப்பதை யாரும் செய்வார்களே" என்று சிலர் கேட்பீர்கள். அதற்கும் ஒரு உதாரணம் உண்டு. செயின்ட் லூயிஸ் அணியில் பிரெட் ஹல் 1990-91 பருவத்தில் 86 கோல் அடித்தார். அவர் பக்கத்தில் நின்ற ஆடம் ஓட்ஸ் அதே பருவத்தில் 61 ஆட்டங்களில் 90 அசிஸ்ட் செய்தார். 1992-இல் ஓட்ஸ் பாஸ்டன் அணிக்கு மாற்றப்பட்டார். அதன் பிறகும் ஹல் பெரிய ஆட்டக்காரர்தான், ஆனால் எந்தப் பருவத்திலும் 57 கோலைத் தாண்டவில்லை. பாஸ்டனில் ஓட்ஸோடு ஆடிய கேம் நீலி 1993-94-இல் 49 ஆட்டங்களில் 50 கோல் அடித்தார். கொடுப்பது சாதாரண வேலையா, நீங்களே சொல்லுங்கள்.

மூன்று ஹல்களை ஒரு லைனில் போட்டால் மூவரும் பக்கை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். மூன்று ஓட்ஸ்களைப் போட்டால் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

இப்போது நம் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். ஆசிரியர் பயிற்சி முடித்து 34 ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன். வகுப்பில் இரட்டையர் இருந்துவிட்டால் போதும், "அண்ணன் 90 வாங்குகிறான், தம்பிக்கு என்ன வந்தது?" என்று வீட்டிலும் கேட்பார்கள், பள்ளியிலும் கேட்பார்கள். தம்பிக்கு வேறு எதில் கை வரும் என்று பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. அறிவியல் கண்காட்சிக்கு நான்கு பிள்ளைகள் சேர்ந்து மாதிரி செய்வார்கள். ஒருத்தி அட்டை வெட்டுவாள், ஒருவன் ஒயர் இணைப்பான், ஒருத்தி படம் வரைவாள். நன்றாகப் பேசுகிற பிள்ளை மட்டும் மேடையேறிப் பரிசு வாங்கும். சோறு வடித்தவளை விட்டுவிட்டுப் பரிமாறியவளை மெச்சுகிற கதை. அட்டை வெட்டிய பிள்ளை அடுத்த வருஷம் பெயர் கொடுக்கவே வராது. இது நான் பலமுறை பார்த்தது.

திறமைகள் வேறுபட்டால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். செடின் சகோதரர்கள் திரும்பிப் பார்க்காமலே கொடுப்பார்கள். மற்றவர் எங்கே இருப்பார் என்று தெரியும். அந்தப் பழக்கம் சேர்ந்தே இருந்தால்தான் வரும். வாரத்துக்கொரு குழு மாற்றினால் வராது.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: குழு வேலைக்கு மதிப்பெண் போடும்போது யார் என்ன செய்தார்கள் என்று தனித்தனியாக எழுதுங்கள், எல்லாப் பெயரையும் மேடையில் வாசியுங்கள். பெற்றோருக்கு: மார்க் கேட்கும் அதே வாயால், "இன்றைக்கு யாருக்குச் சொல்லிக் கொடுத்தாய்? உனக்கு யார் உதவினார்கள்?" என்றும் கேளுங்கள்.

உங்கள் பள்ளியில் இப்படி யாராவது செய்கிறார்களா? கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.