ஒன்பது கோயிலா, ஓர் ஊரா?

வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் ராயப்பேட்டை மணிக்கூண்டை ஒட்டிய தெருக்களில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது. ஒரு டெம்போ டிராவலர் நிற்கும். பிள்ளைகளும் மருமகள்களும் பைகளை ஏற்றிக்கொண்டிருப்பார்கள். புளியோதரைத் தூக்கும் தண்ணீர் கேனும் உள்ளே போன பிறகு, எழுபதைத் தாண்டிய ஒரு அம்மாளைக் கைத்தாங்கலாக அழைத்து வருவார்கள். வண்டியின் முதல் படி தரையிலிருந்து முழங்கால் உயரம் இருக்கும். அதற்காகவே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வைத்திருப்பார்கள். அதில் ஒரு கால், கம்பியில் ஒரு கை, பின்னாலிருந்து பேரன் ஒரு தாங்கு தாங்க, அம்மாள் ஏறி உட்கார்ந்துவிடுவார். ஸ்டூலும் கூடவே பயணம் வரும். ஒன்பது கோயில் என்றால் ஒன்பது முறை இறங்கி ஒன்பது முறை ஏற வேண்டும். சாப்பாடு, கழிப்பறை நிறுத்தங்கள் தனி. பெற்றோரைத் தீர்த்த யாத்திரைக்கு அழைத்துப் போவது நல்ல காரியம்தான். ஆனால் அதை இன்று திட்டமிடும் விதம் தவறு என்பது என் கட்சி. போகும் கோயில்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து அங்கே இரண்டு இரவு தங்குவதுதான் வயதானவர்களுக்கு ஏற்ற யாத்திரை.

நவக்கிரகச் சுற்றுலாவையே எடுத்துக்கொள்வோம். திங்களூர் திருவையாற்றுப் பக்கம் இருக்கிறது. கீழப்பெரும்பள்ளம் பூம்புகாரை ஒட்டி, கடலோரத்தில். திருநள்ளாறு காரைக்காலில். நடுவே ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன் கோயில், திருவெண்காடு. இவ்வளவையும் ஒரே நாளில் சுற்றிக் காட்ட 2024 பிப்ரவரியில் கும்பகோணத்திலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகம் 750 ரூபாய் கட்டணத்தில் தனிப் பேருந்து விட்டது. சொந்த வண்டி இல்லாத இளைஞர்களுக்கும் நடுவயதுக்காரர்களுக்கும் அது பெரிய உதவி. குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதே கணக்கை எழுபத்தைந்து வயது முழங்காலுக்குப் போட்டுப் பாருங்கள். டெல்டா மாவட்டக் கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணிவாக்கில்தான் திறக்கும். மிஞ்சும் பத்து மணி நேரத்தில் பாதிக்கு மேல் சாலையில் போய்விடும். கோயிலுக்கு அரை மணி தேறினால் அதிகம். செருப்பு விடும் இடம், குழாயடி, ராஜகோபுர வாசல், கொடிமரம் என்று மெதுவாக நடக்கும் ஒருவர் சன்னதியை எட்டுவதற்குள் அந்த அரை மணி தீர்ந்துவிடும். நான்காவது கோயிலில் “நான் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க” என்று சொல்லிவிடுவார்கள். யாருக்காகக் கிளம்பிய யாத்திரையோ அவர் பார்க்கிங்கில் இருப்பார்; பிள்ளைகள் உள்ளே போய் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்துகொண்டிருப்பார்கள்.

மலைக்கோயில் என்றால் சிக்கல் இன்னும் கூடுகிறது. பழனிக்கு 693 படிகள். 1966 முதல் வின்ச் ஓடுகிறது. 2004 முதல் ரோப்கார். படியேற முடியாதவர்களுக்கு முருகன் கதவைத் திறந்து வைத்த மாதிரிதான். ஆனால் ரோப்கார் பகலில் சற்று நேரம் பராமரிப்புக்காக நிற்கும். காற்று பலமாக வீசினால் நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை பெரிய பராமரிப்புக்காக வாரக்கணக்கில் நிற்கும். வின்ச்சில் விசேஷ நாட்களில் மணிக்கணக்கில் வரிசை. நேரம் கையில் இருப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இன்று காற்று என்றால் நாளைக் காலை போகலாம். மதியத்துக்குள் இறங்கிச் சாயங்காலம் கொடைக்கானலில் அறை எடுத்திருப்பவர்தான் திண்டாடுவார். பழனியும் கொடைக்கானலும் சேர்ந்த பயணத் திட்டம் ஒரு சமரசம்: பழனி பெரியவர்களுக்கு, கொடைக்கானல் பிள்ளைகளுக்கு. விலை கொடுப்பது பெரியவர்கள். மலைப்பாதையின் வளைவுகளில் குமட்டல், மேலே போனதும் குளிர், காலையில் எழுந்ததும் மூட்டு இறுக்கம். கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுக்க மறக்காத குடும்பம், அப்பாவின் குல்லாயையும் கம்பளிச் சட்டையையும் மறந்துவிட்டு வந்திருக்கும்.

இதில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. வெளியூர்ப் பயணத்தில் வயதானவர்கள் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. அடிக்கடி வண்டியை நிறுத்தச் சொன்னால் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்பது ஒன்று. நெடுஞ்சாலைக் கழிப்பறையில் குந்தி எழ முடியாது என்பது இன்னொன்று. ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்றைக்கு மாத்திரையைத் தாங்களாகவே தள்ளிப்போட்டுவிடுவார்கள். தரிசனம் முடிந்துதான் சாப்பாடு என்று சிலர் வெறும் வயிற்றோடு இருப்பார்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு அது ஆபத்து. இன்னும் நுணுக்கமானது பாதம். பகல் பதினொரு மணிக்கு மேல் கருங்கல் பிராகாரம் எப்படிச் சுடும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் வெள்ளைப் பூச்சும் தேங்காய் நார் விரிப்பும் போட்டிருக்கிறார்கள். நீண்டகாலச் சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்வு மங்கிவிடும். விரிப்பை விட்டு விலகி நடந்தாலும் சூடு தெரியாது. கொப்புளம் வீடு திரும்பிய பிறகுதான் கண்ணில் படும். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடுகிறவர்களுக்கு ஈரக் கல்தரையில் வழுக்கல் பயம். இவை எதுவும் யாத்திரை போகாதீர்கள் என்று சொல்லும் காரணங்கள் இல்லை. காலை ஆறரைக்கு அறையிலிருந்து நடந்துபோய்த் தரிசனம் முடித்து, எட்டு மணிக்குத் திரும்பி இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தால் இவற்றில் பெரும்பாலானவை வராது. அதற்குக் கோயிலுக்குப் பக்கத்தில், தரைத் தளத்தில், வெஸ்டர்ன் டாய்லெட்டோடு ஓர் அறை வேண்டும். ஊர் ஊராக ஓடினால் அந்த அறை எதற்கும் பயன்படாது.

உடனே ஒரு கேள்வி வரும்: பெற்றோர்தானே கேட்கிறார்கள்? உண்மைதான். பட்டியலை நீட்டுவது பெரும்பாலும் அவர்களே. திருக்கடையூர் என்று கிளம்பினால், “வைத்தீஸ்வரன் கோயில் பக்கம்தானே” என்பார்கள். வைத்தீஸ்வரன் கோயில் போனால் சிதம்பரம் விட்டுப்போகக் கூடாது. ஆனால் கூடவே அவர்கள் சொல்லும் இன்னொரு வாக்கியத்தையும் கேட்க வேண்டும்: “இன்னொரு தடவை எப்போ வரப்போறோம்?” பட்டியலின் நீளத்துக்குக் காரணம் பக்தியைக் காட்டிலும் இந்தச் சந்தேகம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் எல்லோருக்கும் லீவு ஒத்துவந்தால்தான் பயணம் என்பது அவர்களுக்குத் தெரியும். இதுவே கடைசியாகவும் இருக்கலாம் என்பதும் தெரியும். அதனால் கிடைத்த இரண்டு நாளுக்குள் ஆயுளுக்கான கோயில்களை அடைக்கப் பார்க்கிறார்கள். பங்குனியில் சிதம்பரம், ஆவணியில் திருச்செந்தூர், தையில் ஸ்ரீரங்கம் என்று தேதி குறித்து டிக்கெட்டையும் காட்டிவிட்டால் பட்டியல் தானாகக் குறையும். பிள்ளைகள் கொடுக்க வேண்டியது அந்த அடுத்த தேதியைத்தான்.

பழைய காலத்து யாத்திரை எப்படி நடந்தது என்று பார்த்தால் இன்றைய அவசரம் எவ்வளவு புதியது என்பது புரியும். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி, தாயார் உள்ளிட்ட குடும்பத்தாரும் பணியாட்களுமாகச் சுமார் நூறு பேரோடு 1830 மே 18-ஆம் தேதி சென்னையிலிருந்து காசிக்குக் கிளம்பினார். திரும்பி வந்தது 1831 செப்டம்பர் 3. வழிநெடுக அவர் எழுதியனுப்பிய விவரங்களைக் கோமளீஸ்வரன்பேட்டையில் இருந்த நண்பர் சீனிவாச பிள்ளை சேர்த்து வைத்து, 1838-இல் தெலுங்கில் அச்சேற்றினார். ராயப்பேட்டையிலிருந்து கூப்பிடு தூரத்துப் பேட்டைதான் அது. பல்லக்கும் வேலையாட்களும் இருந்த பணக்காரர் கதை என்று தள்ளலாம், நியாயமே. ஆனால் ஏழைக்கும் தங்கல் இருந்தது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வரம் சாலை நெடுகிலும் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி காலத்தது. அச்சத்திரங்களில் சோறு மட்டும் போடவில்லை. வழியில் நோயுற்றவருக்கு வைத்தியர், கர்ப்பிணிக்குப் பிரசவம் பார்க்க ஏற்பாடு எல்லாம் இருந்தன. நகரத்தார் 1863-இல் காசியிலேயே ஒரு சத்திரம் கட்டினார்கள். களைத்தவன் படுத்து எழுந்துதான் மேலே போவான் என்பதை வைத்தே யாத்திரையை அமைத்திருந்தார்கள். கோயிலின் நாள்முறையும் தங்குகிறவருக்கு ஏற்றதுதான். மதுரையில் இரவு ஒன்பதைத் தாண்டிச் சொக்கநாதர் பல்லக்கில் மீனாட்சியின் பள்ளியறைக்கு எழுந்தருளுவதை, எட்டு மணிக்கே அடுத்த ஊருக்கு வண்டி ஏறியவர்கள் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை.

“கஷ்டப்பட்டுப் போனால்தானே யாத்திரை?” என்று கேட்பவர்களும் உண்டு. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களையும், திருப்பதிக்கு அலிபிரியிலிருந்து 3,550 படி ஏறுகிறவர்களையும் காட்டுவார்கள். அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். வேண்டுதல் வைத்துப் படியேறும் எழுபது வயதுக்காரரை வின்ச்சில் ஏறச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் அவர் தன் கால் சொல்கிறபடி ஏறுகிறார்; மண்டபத்துக்கு மண்டபம் உட்காருகிறார். பழனியில் சரிவு குறைந்த யானைப்பாதையைத் தேர்ந்துகொள்கிறார். நேர்த்திக்கடனின் கஷ்டம் அவர் மனமுவந்து எடுத்துக்கொண்டது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார் என்று பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஓட்டமும் நடையுமாக வருவது நம் திட்டம் தந்த கஷ்டம். அதில் எந்தச் சாமிக்கும் பங்கில்லை.

லீவு கிடைக்காது என்பதற்கு நீண்ட பதில் தேவைப்படாது. ஒன்பது கோயிலுக்கும் அதே சனி, ஞாயிறுதான். ஓர் ஊருக்கும் அதே சனி, ஞாயிறுதான். பணமும் அப்படியே. வேன் வாடகை கிலோமீட்டர் கணக்கில் ஏறும். அதை மிச்சப்படுத்தினால் நல்ல அறைக்கு ஆகிவிடும். சோளிங்கர் சென்னையிலிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். பெரிய மலைக்கு 1,305 படிகள் என்பதால் இத்தனை காலம் அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டு வந்தவர்களுக்கு 2024 மார்ச் முதல் ரோப்கார் இருக்கிறது. அதற்கென்று ஒரு வார இறுதியை முழுதாக ஒதுக்கலாம். உடனே திருத்தணியையும் திருவாலங்காட்டையும் சேர்க்க வேண்டாம்! இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பத்துப் பேருக்குப் புளியோதரை கட்டுவது பெரும்பாலும் அந்த அம்மாவேதான். அவருக்காகப் போகும் யாத்திரையில் அவருக்கே சமையலா? உள்ளூர் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

பிள்ளைகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காடு அறுபதைக் கடந்தவர்கள். 2031-இல் இது 18.2 ஆகும் என்று கணிக்கப்பட்டிருக்கிறது. அறநிலையத்துறை மூத்தவர்களை அறுபடை வீடுகளுக்கும் ராமேஸ்வரம்–காசிக்கும் இலவசமாக அழைத்துச் செல்வது பாராட்டுக்குரியது. ஆனால் அந்தத் திட்டங்கள் 60 முதல் 70 வயது வரையுள்ளவர்களுக்கு. கூட்டமாக அழைத்துப்போகும் அரசுக்கு அந்த வரம்பு தேவைதான் என்று ஒப்புக்கொள்ளலாம். எழுபத்தொன்றில் நிற்பவருக்குக் குடும்பத்தை விட்டால் துணை இல்லை என்பதும் அதிலேயே தெரிகிறது. ரயிலில் மூத்தவர்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தொற்று ஓய்ந்து ஆண்டுகள் ஆகியும் திரும்பி வரவில்லை. ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 விழுக்காடு என்பது மாத ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிற தம்பதிக்குச் சின்னத் தொகையா? அதைத் திரும்பக் கொடுக்க வேண்டும். கோயில் விடுதிகளின் தரைத்தள அறைகளை முதியோருக்கென்று ஒதுக்க வேண்டும். பிராகாரத்தில் ஐம்பது அடிக்கு ஒரு கல் பெஞ்சு போட வேண்டும்.

அதெல்லாம் வருகிறபோது வரட்டும். சென்ட்ரலிலிருந்து இரவில் கிளம்பும் பாலக்காடு எக்ஸ்பிரஸ் பழனி வழியாகத்தான் போகிறது. ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. கீழ்ப் படுக்கையாகப் பார்த்து எடுங்கள். அதற்கு முன்னால் அம்மாவிடமும் அப்பாவிடமும் ஒரே ஓர் ஊரின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.