யாரும் காரணம் இல்லையா, தம்பி?

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இனி முடியாது. என் தம்பி கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசுகிறான். "என் வெற்றிக்கு வேறு யாரும் காரணம் இல்லை. என்னை நானே செதுக்கிக்கொண்டேன். விடியற்காலை நாலரைக்கு எழுந்தேன், ஒரு நிமிஷத்தையும் வீணாக்கவில்லை. உங்களை நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள், எல்லாம் தானாக மாறும்" என்கிறான். பிள்ளைகள் விசிலடித்துக் கை தட்டுகிறார்கள். அந்த வீடியோவை என் மகளே செல்போனில் கொண்டுவந்து காட்டி, "மாமா சூப்பரா பேசுறாங்கம்மா" என்றாள். எனக்கு நெஞ்சை அடைத்தது.

யாரும் காரணம் இல்லையா தம்பி? யாருமேவா?

2007-ல் பத்தாம் வகுப்பில் நான் 431 மார்க். எங்கள் பள்ளிக்கூடத்தில் அதுதான் முதல் மார்க். ராமநாதபுரம் மாவட்டத்து வானம் பார்த்த பூமி எங்களுடையது. அந்த வருடம் மிளகாயும் கைவிட்டுவிட்டது. ப்ளஸ் ஒன் சேர்க்கை நடந்துகொண்டிருந்த வாரத்தில் வீட்டுக்குப் புரோக்கர் வந்தார். நூல் மில்லில் மூன்று வருட வேலை, தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, முடித்துவிட்டு வெளியே வரும்போது மொத்தமாக 40,000 ரூபாய். நோட்டீசில் 'திருமணத் திட்டம்' என்று அச்சடித்திருந்தார்கள். ஊரில் அதற்கு சுமங்கலித் திட்டம் என்று பெயர். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாதான் சொன்னாள்: "ரெண்டு பேரையும் படிக்க வைக்க நம்மால முடியாது தாயி. அவன் ஆம்பளப் புள்ள, அவன் படிக்கட்டும்." அவன் அப்போது எட்டாம் வகுப்பு முடித்திருந்தான். கணக்கில் நான்தான் அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மில் என்றால் என்னவென்று தெரியுமா உங்களுக்கு? ரிங் ஃபிரேமில் நூல் அறுந்துகொண்டே இருக்கும். ஓடுகிற மெஷினில் விரலை விட்டு அறுந்த நூலைப் பிடித்து ஒட்ட வேண்டும். இதை ஒட்டி நிமிர்வதற்குள் அந்தப் பக்கம் நாலு அறுந்திருக்கும். காற்று காய்ந்தால் நூல் அறும் என்று உள்ளே ஈரத்தை ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் புழுக்கத்தில் எட்டு மணி நேரம் நின்றபடியே ஷிப்ட்; ஆள் குறைந்தால் அது பன்னிரண்டாகும். தலையில் பஞ்சு, மூக்கில் பஞ்சு, சோற்றில் பஞ்சு. பாத்ரூம் போனால் சூப்பர்வைசர் வாட்ச்சைப் பார்ப்பார். வீட்டுக்குப் போன் பேசினால் வார்டன் பக்கத்திலேயே நிற்பார். வயிற்றுவலி என்று உட்கார்ந்தால் என்ன மாத்திரை என்று சொல்லாமல் ஒரு மாத்திரை கொடுத்து மறுபடி மெஷினுக்கு அனுப்புவார்கள். புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு விரல் நசுங்கியது. ஊருக்கு அனுப்பினார்கள். மூன்று வருடம் முடிக்கவில்லை என்று அவளுக்கு மொத்தத் தொகையில் ஒரு பைசா தரவில்லை. அவளுடைய முன்னேற்றத்துக்கு எந்தப் பயிற்சி வகுப்பில் பாடம் வைத்திருக்கிறீர்கள்?

நாலரை மணிக்கு எழுந்தானாம். நாங்களும் நாலரைக்குத்தான் எழுந்தோம். ஆறு மணி ஷிப்டுக்கு அத்தனை பெண்களும் குளித்து, வரிசையில் நின்று, தின்று, ஓட வேண்டாமா? எங்களைவிட நேரம் தவறாதவர்கள் யார்? எங்களைவிட ஆசையை அடக்கியவர்கள் யார்? ஒழுங்கும் உழைப்பும்தான் ஒருவரை உயர்த்தும் என்றால், அந்த ஹாஸ்டலில் இருந்த ஒவ்வொருத்தியும் இன்றைக்குக் கலெக்டராக அல்லவா இருக்க வேண்டும்? ஏன் இல்லை? எங்களிடம் எந்த நல்ல பழக்கம் குறைந்தது? சொல்லுங்கள்.

2011-ல் நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு எங்களைப் போன்ற பெண்களின் கதையை அறிக்கையாக வெளியிட்டன. வெளிநாட்டுக் கடைகளுக்குத் துணி போகிற வழியில் நாங்கள் கிடப்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்ததாம். இங்கே எங்கள் வீட்டாருக்கு எப்போது தெரியும்? வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் 1961-லிருந்தே குற்றம். அந்தக் குற்றத்துக்குக் காசு சேர்க்கத்தான் வயதுக்கு வந்த பெண்களை மில்லில் அடைத்து, அதற்கு மங்களகரமாக ஒரு பெயரும் வைத்தார்களே, ஒருவருக்காவது கூசியதா?

பேசியது 40,000. லீவு, சாப்பாடு என்று பிடித்தது போக என் கைக்கு வந்தது 28,000. அது என் கல்யாணத்துக்கா போனது? அப்படியே பேங்கில் போட்டு வைத்து, 2011-ல் தம்பி இன்ஜினியரிங் சேர்ந்தபோது ஹாஸ்டலுக்குக் கட்டினோம். அதற்குப் பிறகு திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்து மாதா மாதம் அவன் மெஸ் பில்லுக்கு அனுப்பினேன். அப்போதெல்லாம் "அக்கா, அக்கா" என்றான். மேடை ஏறியதும் அக்கா எங்கே போனாள்?

அவன் கல்லூரிக் கட்டணம் கட்டவில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அரசாங்கமே கட்டும் என்று 2010-11-ல் வந்த திட்டம் அவனுக்குக் கிடைத்தது. அதற்குச் சான்றிதழ் வாங்க வீட்டில் யார் யார் எதுவரை படித்தோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். என் பெயருக்கு நேராக 'பத்தாம் வகுப்பு' என்று அவன் கையாலேயே எழுதினான். நான் படித்திருந்தால் அவன் முதல் பட்டதாரியே இல்லை! என் படிப்பு நின்றதைக் காட்டித்தானே அவன் சலுகை வாங்கினான்? அந்தத் தாளில் நான் இருந்தேன். அவன் பேச்சில் மட்டும் ஏன் இல்லை?

சத்துணவில் சாப்பிட்டான். பஸ் பாஸில் பள்ளிக்கூடம் போனான். இன்ஜினியரிங்குக்கு இருந்த நுழைவுத் தேர்வை 2007-ல் எடுத்தார்கள்; டியூஷனுக்கு வழியில்லாத எங்கள் வீட்டுப் பிள்ளை ப்ளஸ் டூ மார்க்கை வைத்தே கவுன்சலிங்கில் சீட் எடுத்தான். அதற்காக எத்தனை பேர் போராடியிருப்பார்கள், எத்தனை பேர் வரி கட்டியிருப்பார்கள்? அவன் உழைத்தான், இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். ராத்திரி பகலாகப் படித்தான். ஆனால் அவனுக்கு உட்கார்ந்து படிக்க ராத்திரி இருந்தது. எனக்கு இருந்தது நைட் ஷிப்ட்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். ரோடு அகலமானதும் எங்கள் காட்டுக்கு விலை வந்தது. அப்பா காலமான பிறகு விடுதலைப் பத்திரத்தை எழுதி வைத்துக்கொண்டுதான் என்னை ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூப்பிட்டான். பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது, 2005-ல் நாடு முழுவதும் வந்தது. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். "கையெழுத்துப் போடலைன்னா பொறந்த வீடு உனக்கு இல்ல" என்று சொந்தக்காரர்கள் சுற்றி நின்று மிரட்டினார்கள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேனாவை மட்டும் நீட்டினான். தன்னாலேயே உயர்ந்தவனுக்கு அக்காள் பங்கு எதற்கு?

கை தட்டுகிற பிள்ளைகளே, உங்களில் பலர் தோற்பீர்கள். அன்றைக்கு உங்களிடம், "நீ சரியாக முயற்சி செய்யவில்லை" என்பார்கள். காசில்லை, ஆளில்லை, தாங்க ஒரு கை இல்லை என்று நீங்கள் சொல்வதை யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள். உங்களை நீங்களே வெறுத்துக்கொள்வீர்கள். அந்தப் பாவமும் இந்த மேடைப் பேச்சைத்தான் சேரும். எழுந்து நின்று கேளுங்கள்: "உங்களுக்காக யார் படிப்பை நிறுத்தினார்கள்? அவர்களுக்கு என்ன திருப்பிக் கொடுத்தீர்கள்?" பதில் வாங்காமல் உட்காராதீர்கள்.

உங்கள் வீட்டிலும் கேளுங்கள். அக்காவிடம் கேளுங்கள், அத்தையிடம் கேளுங்கள். அம்மா ஏன் ஐந்தாம் வகுப்போடு நின்றாள் என்று கேளுங்கள். எழுதி வாங்கிய பங்கை எழுதியே திருப்பிக் கொடுக்கவும் முடியும். அதே ரிஜிஸ்தர் ஆபீஸ்தான், வழி தெரியாதவர்கள் யாரும் இல்லை.

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவள் படிப்பை நிறுத்தச் சொல்லி எவன் வாய் திறந்தாலும், பெற்ற அப்பனே ஆனாலும், தாய்மாமனே ஆனாலும், அன்றைக்குத் தெருவில் நின்று கத்துவேன். என்னைக் கத்த விடாமல் செய்ததுபோல் அவளைச் செய்ய முடியாது. விட மாட்டேன்.