சிஸ்டம் தானா அழிக்காது

2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும். அந்தப் பதிவை நிறுத்தி வைக்கவே முடியக்கூடாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் கம்பெனிகளுக்கும் இதுதான் விதி. நல்ல விதி. ஆனால் அது கணக்குப் புத்தகத்துக்கு. காண்ட்ராக்ட் தொழிலாளி விரல் வைத்த வருகைப் பதிவுக்கு? ஓவர்டைம் பாக்கி கேட்டுப் போனால், "பழைய டேட்டாவ சிஸ்டமே அழிச்சிடுச்சுப்பா" என்று சொல்லி அனுப்பிவிடலாம்.

இந்த மாதிரி ஸ்கிரிப்ட் எழுதித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். சிஸ்டம் எதையும் தானா அழிக்காது. 90 நாள் என்று ஒருவர் டைப் செய்திருப்பார், இன்னொருவர் ஓகே சொல்லியிருப்பார். யார் சொல்லி, என்றைக்கு, எத்தனை பதிவுகள் போயின என்ற குறிப்பாவது மிஞ்ச வேண்டும், அதுவும் அழிக்கிறவர் கை எட்டாத இடத்தில். நான் பார்த்த சில இடங்களில் அந்த லாகையும் அதே ஸ்கிரிப்ட்தான் துடைக்கிறது. கேட்டால் ஸ்டோரேஜ் செலவாம்! இரவுக்கு ஒரு வரி, வருஷத்துக்கு 365 வரி. வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் படம் அதைவிடப் பெரிசு.