எழுபது மார்க்கும் டெல்லியும்

பாளையங்கோட்டைக்குத் 'தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு' என்று பெயர். அங்கே பிளஸ் டூ படிக்கும் சுமாரான மாணவனிடம், டெல்லி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாமே என்று கூட்டாளி சொன்னால் என்ன பதில் வரும்? "போலே, நான் எடுக்கிற எழுபதுக்கு டெல்லியா?"

ஒரு காலத்தில் அந்தப் பதில் நியாயமானதுதான். 2011-ல் டெல்லி ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி, பள்ளியில் வணிகவியல் படிக்காதவர்களுக்கு பி.காம். ஆனர்ஸ் கட்-ஆஃப் 100 சதவீதம் என்று அறிவித்தது. நூற்றுக்கு நூறு! அதற்குமேல் யார் என்ன எடுக்க முடியும்?

2022-ல் நிலைமை மாறிவிட்டது. இளநிலைப் படிப்புகளுக்கு சியூஇடி நுழைவுத்தேர்வு மார்க்தான் கணக்கு. பிளஸ் டூவில் பாஸ் செய்திருக்க வேண்டும். இருவர் சமமாக வந்தால் மட்டும் பள்ளி மார்க்கைப் பார்ப்பார்கள். தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.

அதற்காக எல்லாம் சமமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. கேள்விகள் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களை ஒட்டி வருகின்றன. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர் கூடுதலாக உழைக்க வேண்டும். டெல்லியில் இருக்கும் கோச்சிங் வசதி அம்பாசமுத்திரத்தில் இல்லை. இடம் கிடைக்காமலும் போகலாம். ஆகவே உள்ளூர்க் கல்லூரியிலும் ஒரு விண்ணப்பம் போட்டு வைப்பதே புத்திசாலித்தனம்.

ஆனால் கல்லூரி வேண்டாம் என்பது வேறு, தனக்குத் தானே வேண்டாம் என்று சொல்லிக்கொள்வது வேறு. விண்ணப்பத் தேதி பெரும்பாலும் பிளஸ் டூ ரிசல்ட் வருமுன்பே முடிந்துவிடுகிறது. மார்க்கைப் பார்த்துவிட்டு யோசிக்கலாம் என்று இருப்பவனுக்கு அந்த வருஷம் போயிற்று. முதல் மார்க் வாங்கும் மாணவனுக்கு இதைச் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். பள்ளிகள் சொல்ல வேண்டியது கடைசி பெஞ்சுக்கு!