ரிட்டயர் ஆகாத பெட்டிகள்



குள்ளஞ்சாவடி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், பக்கத்தில் கிளாஸோடு இருப்பவர் பெரும்பாலும் நெய்வேலி என்.எல்.சி.யில் ஷிஃப்ட் பார்த்து ரிட்டயர் ஆனவராகத்தான் இருப்பார். இந்த மாதம் அவர்களிடம் ஒரு உதவி கேட்கத்தான் இந்தப் பக்கம்.

சோவியத் உதவியோடு கட்டிய நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் 1962-ல் ஓடத் தொடங்கி, 2020 செப்டம்பர் 30-ல்தான் நின்றது. 58 வருஷம்! முள் வைத்த மீட்டர்களின் காலத்தில் பிறந்த நிலையம் அது. முள் அசையவில்லை என்றால் கண்ணுக்கே தெரியும், கழற்றிப் பார்த்துவிடலாம். கம்ப்யூட்டர் அப்படியில்லை. பாய்லரும் டர்பைனும் தாத்தா ஆகும்வரை உழைக்கும். அவற்றை ஆட்டிவைக்கும் பெட்டிக்கோ பத்து வருஷத்திலேயே ஸ்பேர் கிடைக்காது. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி-யை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் கைகழுவியது. அதற்குப் பிறகும் உலகம் முழுக்க எத்தனையோ ஆலைகளில் அதுதான் ஓடியது.

இப்படிப்பட்ட பெட்டியை ஆன் செய்து பார்த்திருக்கிறீர்களா? உள்ளே பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி 1980 ஜனவரி 1 என்று காட்டும். எஃப்1 தட்டினால்தான் மேலே நகரும். இது அங்கே ஷிஃப்டில் இருப்பவருக்குத் தெரியும். புதிதாக வந்த இன்ஜினீயருக்குத் தெரியாது.

"தூக்கிப்போட்டுப் புதுசு வாங்க வேண்டியதுதானே?" என்பீர்கள். வாங்கலாம். ஆனால் பழைய புரோகிராம் பழைய கார்டோடு மட்டும்தான் பேசும். மாற்றினால் எல்லாவற்றையும் சோதிக்க யூனிட்டை நிறுத்த வேண்டும். 210 மெகாவாட் யூனிட் முழு லோடில் ஓடினால் ஒரு நாளைக்கு 50 லட்சம் யூனிட் மின்சாரம். எந்த அதிகாரி லேசில் கையெழுத்துப் போடுவார்? பழைய பெட்டியை நெட்டில் இணைக்காவிட்டால் வைரஸ் பயமில்லை என்று சொல்வதும் அரை உண்மைதான். 2010-ல் அம்பலமான ஸ்டக்ஸ்நெட், பென் டிரைவிலேயே தொற்றிப் பரவும் ரகம்.

கனடாவில் 1970-களின் பிடிபி-11 கம்ப்யூட்டர்களை அணு உலைப் பணிகளில் 2050 வரை ஓட்டப்போவதாகச் சொல்லி, 2013-ல் ஆள் தேடினார்கள். பெட்டி இருந்தது, அதன் பாஷை தெரிந்தவர்கள்தான் அருகிப்போயிருந்தார்கள். எனக்கென்னவோ பழைய பெட்டியைவிட இதுதான் பெரிய கவலை.

ஆகவே, நெய்வேலியோ தூத்துக்குடியோ மேட்டூரோ, கண்ட்ரோல் ரூமில் காலம் கழித்தவர்கள் உங்கள் பாக்கெட் நோட்டைத் தேடி எடுங்கள். மேனுவலில் இல்லாத வைத்தியங்களை எழுதி அனுப்புங்கள்; அடுத்த இதழில் வெளியிடுவோம். பாஸ்வேர்டு மட்டும் வேண்டாம்!

அன்புடன்,
ஆசிரியர்