நேயரிடம் மட்டும் கேட்காத கேள்வி

தமிழ்ச் செய்தி சேனல்களின் இரவு விவாதங்களில் கேள்விக்குப் பஞ்சமில்லை. ஆளுங்கட்சியை, எதிர்க்கட்சியை, காவல் துறையை, ஆளுநரை, மத்திய அரசை என்று வரிசையாகக் கூண்டில் ஏற்றுகிறார்கள். கட்சியின் செய்தித் தொடர்பாளரை நெறியாளர் மடக்கிய துண்டுக் காட்சி அன்றிரவே யூடியூபில் ஓடத் தொடங்கிவிடும். இவ்வளவு துணிச்சல்காரர்கள் ஒரே ஒருவரை மட்டும் தொடுவதில்லை. வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் நேயரை.

2025 ஜூன் இறுதியில், மணமாகி மூன்று மாதம்கூட ஆகாத அவிநாசிப் பகுதிப் பெண் ஒருவர், தந்தைக்குக் குரல் பதிவுகளை அனுப்பிவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். வரதட்சணைக் கொடுமை என்று பெற்றோர் புகார் செய்தனர். கணவர் வீட்டார் கைதாயினர். அந்தக் குரலைச் சேனல்கள் திரும்பத் திரும்பப் போட்டன. சாகப்போகிறவரின் குரலைப் பின்னணி இசையோடு கேட்கவைப்பது பத்திரிகை தர்மமா என்பதைத் தனியாகத்தான் பேச வேண்டும். நாம் இங்கே கேட்பது வேறு. கண் கலங்கிப் பார்த்தவர்களில் எத்தனை பேர், மகனுக்குப் பெண் பார்த்தபோது பவுன் கணக்குப் பேசியவர்கள்? 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி வரதட்சணை வாங்குவதைப் போலவே கொடுப்பதும் குற்றம். ‘உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் எவ்வளவு கைமாறியது?’ என்று கேமராவைப் பார்த்துக் கேட்டிருந்தால், தமிழ்நாட்டில் பாதி வீடுகள் நெளிந்திருக்கும். சேனலையும் மாற்றியிருக்கும். அதனால் மாமியாரையும் மாப்பிள்ளையையும் அரக்கர்களாக்கிக் காட்டியதோடு சரி. இடைவேளை விட்டால், உச்சந்தலை முதல் பாதம் வரை தங்கம் போர்த்திய மணப்பெண் நகைக்கடை விளம்பரத்தில் சிரிக்கிறாள்.

சாதியிலும் இதே கதைதான். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் தலித் இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். உடனிருந்த அவர் மனைவியும் வெட்டுப்பட்டார். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சியை மாநிலமே பார்த்தது. ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் வேண்டுமா, கட்சிகள் ஏன் மௌனம் காக்கின்றன என்றெல்லாம் இன்றுவரை விவாதிக்கிறோம். அவை தேவையான கேள்விகளே. ஆனால் மணமகன் தேவை விளம்பரத்தில் உட்பிரிவு வரை எழுதிக் கொடுக்கும் கண்ணியமான குடும்பத்துக்கு, அந்த விவாதத்தால் ஒரு நிமிட உறுத்தலும் நேர்வதில்லை. அரிவாள் எடுத்தவன் வேறு யாரோ. நாம் நல்லவர்கள்.

ஊடகங்கள் அரசுக்கு அஞ்சுகின்றன என்பது பழைய குற்றச்சாட்டு, உண்மையும் கூட. நேயருக்கு அஞ்சுவது அதைவிட மோசமானது, ஏனெனில் அதை யாரும் அடக்குமுறை என்று அழைப்பதில்லை. அந்த அச்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் எழுத்துபூர்வமான சாட்சியே இருக்கிறது. 2020 அதிபர் தேர்தல் இரவில், அரிசோனா மாநிலம் பைடனுக்கு என்று ஃபாக்ஸ் நியூஸ் முந்திக்கொண்டு அறிவித்தது. கணிப்பு சரி. டிரம்ப் ஆதரவு நேயர்கள் கொதித்துப்போய் போட்டிச் சேனலான நியூஸ்மேக்ஸ் பக்கம் சாயத் தொடங்கினர். அதன்பின், டொமினியன் நிறுவனத்தின் வாக்கு இயந்திரங்களில் மோசடி நடந்தது என்ற பொய்க்கு ஃபாக்ஸ் திரை திறந்துவிடப்பட்டது. அதை நெறியாளர்களே நம்பவில்லை என்பது, டொமினியன் தொடுத்த வழக்கில் வெளிவந்த அவர்களுடைய குறுஞ்செய்திகளில் தெரிந்தது. டிரம்பின் கூற்றைச் சரிபார்த்துப் பதிவிட்ட சொந்தச் சேனல் நிருபரையே வேலையைவிட்டுத் தூக்கச் சொன்னார் நட்சத்திர நெறியாளர் டக்கர் கார்ல்சன். கடைசியில், 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள். அவர்களை மிரட்டியது அரசாங்கம் அல்ல, ரிமோட்.

இங்கே கட்சிகள் நடத்தும் சேனல்களைக் குறைசொல்லிப் பயனில்லை. எதற்காகத் தொடங்கப்பட்டனவோ அதைத்தான் செய்கின்றன. பார்ப்பவருக்கும் அது தெரியும். நடுநிலை என்று நெற்றியில் எழுதிக்கொண்டவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அவர்கள் தரப்பில் ஒரு வலுவான வாதம் உண்டு. 2015 மார்ச்சில், மகளிர் தினத்தையொட்டி, பெண்களுக்குத் தாலி அவசியமா என்று ஒரு விவாத நிகழ்ச்சியைப் புதிய தலைமுறை சேனல் தயாரித்தது. அலுவலகத்தின் முன் போராட்டம் நடந்தது, ஒளிப்பதிவாளர் தாக்கப்பட்டார், நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. சில நாட்களில் அந்த அலுவலகத்தின் மீது நாட்டு வெடிகுண்டுகள் வீசப்பட்டன. கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்கிறார்கள்.

குண்டுக்குப் பயப்படுவதை நாம் பழிக்கவில்லை. ஆனால் குண்டு வீசியவர்கள் நான்கைந்து பேர். அவர்களைப் பிடிக்கக் காவல் துறை இருக்கிறது. வரதட்சணையையும் சாதியையும் பற்றி நேயரிடம் கேட்டால் குண்டு விழப்போவதில்லை, டிஆர்பிதான் விழும். அந்த நஷ்டத்துக்கு அஞ்சுகிறவர்கள் இந்தக் குண்டைச் சாட்சிக்கு அழைப்பது நேர்மையல்ல. தாலி பற்றிய கேள்வியை ஒரு சேனல் தனியாகக் கேட்டபோதுதான் அடிப்பது சுலபமாக இருந்தது. தாக்குதலைக் கண்டிப்பதோடு நிற்காமல், அதே வாரம் எல்லா சேனல்களும் ஒரே இரவில், ஒரே மணியில் அதே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். எத்தனை அலுவலகங்களுக்குக் குண்டு செய்திருப்பார்கள்? நேயர்தான் எந்தச் சேனலுக்கு ஓடியிருப்பார்?